வெயிலில் காய்ந்த கறுப்புக் கார்

என் அம்மா கார் கழுவும் கடையில் வேலை செய்கிறார். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரம், ஒவ்வொருவராக எழுந்து பெற்றோரின் தொழிலைச் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது அவருக்குத் தோட்ட வேலை. "அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறார்" என்று சொன்னேன். பின்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். அவள் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான் பட்டம் வாங்கி வெளியே வந்தபோது அவள் இரண்டு பாடங்களைத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தாள் என்பதும் நினைவிருக்கிறது.

ஆகவே வெட்கத்தைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. என்னைக் கொதிக்க வைத்தது வேறு. அம்மாவின் கைபட்டு ஒரு கறுப்புக் காரின் சாயம் கெட்டுப்போனது என்று ஒருவர் நாலு பேர் நடுவில் சத்தம் போட்டார். அம்மாவை வேலையை விட்டு நிறுத்தச் சொன்னார். அதுவரை அம்மாவின் வேலையில் யாரும் ஒரு குறை கண்டதில்லை. அவ்வளவு நாள் எடுத்த நல்ல பெயர் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கால் மணி நேரத்தில் போய்விட்டது.

நாங்கள் கரங்கானுக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் இருந்தவர்கள். அம்மா மூன்றாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அப்பாவுக்கு அதுவும் இல்லை. நான் இடைநிலைப் பள்ளியில் இருக்கும்போதே அவர் தவறிவிட்டார். இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் ஆறாம் ஆண்டைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். வேதியியல் படித்தேன். சுங்கை பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்ததும், பாக்கார் ஆராங்கில் ஒரு வரிசை வீட்டை வாடகைக்கு எடுத்து அம்மாவை அழைத்து வந்தேன்.

"இனிமே சும்மா இரு" என்றேன். அம்மா இரண்டு வாரம் சும்மா இருந்தார். மூன்றாவது வாரம் நான் வேலை முடிந்து வந்தபோது வீட்டில் ஆள் இல்லை. தேடிக்கொண்டு போனேன். கடைவரிசைக்குப் பின்னால் இருக்கும் கார் கழுவும் கடையில், கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு லாரிச் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டு இங்க வந்த?"

"யாரைக் கேக்கணும்? நீ யாரைக் கேட்டு கெமிஸ்ட்ரி படிச்ச?"



அந்தக் கடையை நடத்துபவர் முப்பத்தைந்து வயதுக்காரர், நம்மவர்தான். எல்லோரும் அவரை பாஸ் என்பார்கள். அவர் அம்மாவை அக்கா என்பார். இரண்டு வங்காளதேசத்துக்காரர்களும் அங்கே வேலை செய்தார்கள். அவர்கள் வேலை வேகம். அம்மாவின் வேலை தனி. முதலில் வேகமாகத் தண்ணீர் அடித்து மண்ணை ஓட விடுவார். மண் போகாமல் துணி வைத்தால் சாயத்தில் கீறல் விழும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாவது நாளே கண்டுகொண்டார். துணியை அலசிவிட்டுத்தான் அடுத்த கதவுக்குப் போவார். மற்ற இருவரும் 'முடிந்தது' என்று தள்ளிவிடும் இடத்தில் அம்மா இன்னொரு தடவை தண்ணீர் விட்டு அலசுவார். அதனால் வேண்டியவர்கள் "அக்கா கையில குடுங்க" என்று கேட்டே விட்டுப்போவார்கள். அதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். என் பட்டமளிப்புப் படத்தில்கூட அந்த முகம் இல்லை.

போன ஆண்டிலிருந்து எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் அடிக்கடி நின்றுபோகிறது. வீட்டில் வாளி வாளியாகப் பிடித்து வைத்துச் சமாளிக்கிறோம். கார் கழுவும் கடை அப்படிச் சமாளிக்க முடியாது. பாஸ் கடைக்குப் பின்னால் ஆழ்துளைக் கிணறு போட்டார். அன்றைக்கு எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தாராம். ஒரு வாரம் கழித்து அம்மா அவரிடம் போய்ச் சொன்னார்.

"பாஸ், சவுக்காரம் நுரைக்கவே மாட்டேங்குது. இந்தத் தண்ணி சரியில்ல."

"அக்கா, நீங்க எப்போ தண்ணி ஆபீஸ்ல சேர்ந்தீங்க? சொல்லவே இல்ல!"

அம்மாவும் சேர்ந்து சிரித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடம் அதை நகைச்சுவையாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். தினமும் தொழிற்சாலையின் கொதிகலன் தண்ணீரைச் சோதிக்கிற நான், சவுக்காரம் நுரைக்காத தண்ணீர் என்றால் என்னவென்று பாடம் படித்த நான், அப்பளத்தைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. காரின் சொந்தக்காரர் நகரத்தில் துணிக்கடை வைத்திருப்பவர். புதிய கார், பெரிது, கறுப்பு. வாரம் ஒரு நாள் காலையில் கொண்டுவந்து அம்மாவிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போவார். மத்தியானம் வந்து எடுத்துக்கொள்வார். அன்றைக்கு எடுக்க வந்தவர் காரைச் சுற்றி வந்து நின்றிருக்கிறார். கூரை, முன்மூடி, கதவு எல்லாவற்றிலும் வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளிகள். கடுகளவு சில, ஐந்து காசு அளவு சில. முந்தைய வாரங்களிலும் இருந்திருக்கும், கொஞ்சமாக இருந்ததால் கண்ணில் படவில்லை. அந்த ஞாயிறு பெண்டாங் ஊரில் அவர் மகனுக்குப் பரிசம். அந்தக் கார்தான் முன்னால் போக வேண்டும்.

என்ன நடந்தது என்று அம்மா சொன்னது ஒரே வரி: "ஒரு காடியில புள்ளி விழுந்திருச்சுன்னு கொஞ்சம் சத்தம் போட்டாரு." எங்கள் பேச்சில் காடி என்றால் கார். மீதியை அடுத்த கடையில் உணவகம் நடத்தும் பாய் சொன்னார். அவர் கல்லாவிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தவர்.

"இந்தாம்மா, என்னத்தப் போட்டுத் தேய்ச்ச? சட்டி கழுவற தூளா?" என்று துணிக்கடைக்காரர் கேட்டிருக்கிறார்.

"இல்லண்ணே. பாஸ் வாங்கித் தந்த காடி சவுக்காரந்தான்."

"பொய் சொல்லாத. தோட்டத்து லோரி கழுவற மாதிரி கழுவி வெச்சிருக்க. இது என்ன காடின்னு தெரியுமா உனக்கு?"

"இது அழுக்கு இல்லண்ணே. தண்ணிக் கறை."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்றவர் பாஸ் பக்கம் திரும்பினாராம். "தம்பி, சனிக்கிழமை காலையில வருவேன். இது போயிருக்கணும். போகலன்னா இந்தப் பொம்பள இங்க இருக்கக் கூடாது. இருந்தா நான் வர மாட்டேன், என் கடை வரிசையில ஒருத்தனும் வர மாட்டான்."

அவர் போன பிறகு பாஸ் அம்மாவிடம் வந்து, "அக்கா, சனிக்கிழமை அவர் வந்ததும் தப்பு என் கையிலதான்னு சொல்லி மன்னிப்புக் கேட்டுருங்க. இல்லன்னா திங்கட்கிழமையிலேர்ந்து நீங்க இங்க இருக்கறது சூசா லா" என்றாராம்.

அந்த 'லா'வை நான் மன்னிக்கவே மாட்டேன். ஒருவரின் வேலையை எடுப்பதாகச் சொல்லும்போதுகூட, தேநீர்க் கடையில் பேசுகிற மாதிரி.

நான் என் காரின் சாவியை எடுத்தேன். நகரத்துக்குப் போய் அந்தத் துணிக்கடையின் வாசலில் நின்று நாலு கேள்வி கேட்பது என்று முடிவு. அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"போ. போய்க் கேளு. நீ கேட்டதத்தானே அவரும் கேட்டாரு."

என்னால் வாசலைத் தாண்ட முடியவில்லை. எனக்கும் ஒரு கறுப்புக் கார் இருக்கிறது. பழையது, சின்னது, என் சம்பளத்தில் வாங்கியது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அதைக் கடைக்குக் கொண்டுவரச் சொல்லித் தன் கையால் கழுவிக் கொடுத்தார். மறுநாள் தொழிற்சாலையில் ஒரு தோழி, "என்ன, காடிக்கு அம்மை போட்டிருச்சா?" என்று கேலி செய்தாள். அன்று சாயங்காலம் நான் அம்மாவிடம் கேட்டேன்: "ஒழுங்கா துடைக்க மாட்டியாம்மா? ஆபீசுக்கு எடுத்துட்டுப் போறேன்ல?" இதே வார்த்தைகள். அம்மா அன்றைக்கும் "தண்ணிக் கறைம்மா" என்றுதான் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகும் வழியில் கடைக்குப் பின்னால் நிறுத்தி, கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்துக்கொண்டேன். மத்தியான ஓய்வில், மேற்பார்வையாளரிடம் கேட்டுக்கொண்டு, கொதிகலன் தண்ணீருக்குச் செய்யும் சோதனையையே அதற்கும் செய்தேன். நிறமியைப் போட்டால் தண்ணீர் திராட்சைச் சிவப்பாகும். பிறகு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சிவப்பு மாறி நீலம் வரும்போது நிறுத்த வேண்டும். எவ்வளவு சொட்டு குடிக்கிறதோ அவ்வளவு சுண்ணாம்பு. அன்றைக்கு நான் விட்டுக்கொண்டே இருந்தேன். அது சிவப்பாகவே இருந்தது. மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்து, "எந்த நாட்டுத் தண்ணி இது?" என்றார்.

அதை ஒரு தாளில் அச்சடித்தேன். என் பெயரையும் பட்டத்தையும் கீழே போட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் பாஸின் மேசையில் வைத்தேன். அவர் தாளை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"தங்கச்சி, நல்லா படிச்சிருக்கீங்க. சந்தோஷம். இந்தப் பேப்பர வெச்சுத் தேய்ச்சா புள்ளி போயிருமா?"

"தப்பு எங்க அம்மா மேல இல்லைன்னு தெரியும்ல? அது போதும்."

"அதுல ஒரு விஷயம் இருக்கு. மூணு பேரும் அதே தண்ணியிலதான் கழுவறாங்க. மத்த ரெண்டு பேரு கழுவுன காடியில இப்படி வரல. அக்கா கழுவுனதுல மட்டும் வருது. இதுக்கு உங்க பேப்பர்ல என்ன எழுதியிருக்கு?"

எதுவும் எழுதியிருக்கவில்லை. வெளியே நின்ற நாலைந்து கார்களைப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. மற்ற இருவரும் அரைகுறையாகத் துடைத்த கார்களில் அழுக்குக் கோடுகள் இருந்தன, புள்ளிகள் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தாளைக் கசக்கி எறிந்திருப்பேன். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கசக்கினால் அவர் சிரித்திருப்பார்.

தாள் உதவாது என்றால் புள்ளியை எடுத்துக் காட்ட வேண்டும். சுண்ணாம்புக் கறையை மெல்லிய அமிலம் கரைக்கும். இது பள்ளிப் பாடம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் வெள்ளை வினிகர் ஒரு போத்தலும், வாகனப் பட்டறையில் பேட்டரித் தண்ணீர் இரண்டு போத்தலும் வாங்கினேன். பேட்டரித் தண்ணீர் என்பது காய்ச்சி வடித்த தண்ணீர். அதில் உப்பு கிடையாது, காய்ந்தாலும் கறை விடாது. துணிக்கடைக்காரரின் காரில் கைவைப்பதற்கு முன்னால் என் காரிலேயே செய்து பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

வீட்டு வாசலில் நிறுத்திய கையோடு, வினிகரை அப்படியே துணியில் ஊற்றி முன்மூடியின் மேல் விரித்தேன். உஸ் என்றது. ஆவி வந்தது. துணி ஓரங்களில் காயத் தொடங்கிவிட்டது. அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்து துணியைப் பிடுங்கினார்.

"அடுப்புலேர்ந்து எறக்கின சட்டியில இப்படித்தான் ஈரத்துணி போடுவியா? எஞ்சின் கொதிக்குது, தொட்டுக்கூடப் பாக்கல. என்னடி படிச்ச?"

துணி கிடந்த இடத்தில் உள்ளங்கை அளவுக்கு மங்கலாகிவிட்டது. அது இப்போதும் இருக்கிறது. அம்மா அதன்மேல் உடனே வாளித் தண்ணீரை ஊற்றினார். பிறகு இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து இரும்பு ஆறும்வரை காத்திருந்தோம். 

ஆறிய பிறகு வினிகரையும் பேட்டரித் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்தேன். மென்மையான துணியை நனைத்துப் புள்ளியின் மேல் ஒரு நிமிடம் வைத்து, தேய்க்காமல் வழித்து எடுத்து, உடனே நல்ல தண்ணீர் விட்டோம். கதவில் இருந்தவை போய்விட்டன. போனதா இல்லையா என்று நான் குனிந்து, சாய்ந்து, கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழிற்சாலையில் தரம் குறைவென்று ஒதுக்கியதை நான் கொண்டுவந்து போட்டிருந்த கையுறைகளில் ஒன்றை அம்மா மாட்டிக்கொண்டு, உள்ளங்கையைச் சாயத்தின் மேல் மெதுவாக ஓட்டினார்.

"இங்க இன்னும் நறநறங்குது. இங்க இல்ல."

நானும் வெறும் கையால் தடவினேன், ஒன்றும் தெரியவில்லை. கையுறை போட்டுத் தடவினேன், மணல் மாதிரி தெரிந்தது. மெல்லிய ரப்பருக்குள் விரல் இன்னும் கூர்மையாகிவிடுகிறது. கையுறைத் தொழிற்சாலையில் இருப்பவள் நான். கண்டுபிடித்தவர் அம்மா.

எல்லாப் புள்ளியும் எடுத்தாயிற்று. "நான் ஒரு தடவை முழுசா கழுவிடறேன்" என்று அம்மா ஆரம்பித்தார். வழக்கம்போலவே தண்ணீர் அடித்து, சவுக்காரம் போட்டு, அலசி, மறுபடியும் ஒரு தடவை அலசினார். பிறகு, "சீக்கிரம் ரோட்டுப் பக்கம் தள்ளு, இன்னும் வெயில் இருக்கு" என்றார்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? காய வேணாமா? நல்லா காஞ்சப்புறம் துடைச்சாத்தான் பளபளன்னு வரும்."

 தோட்டத்தில் கழுவிய எதுவும் வெயிலைப் பார்க்காமல் எங்கள் லயத்து வீட்டுக்குள் வராது. சாப்பிடுகிற மங்கு, சட்டி, ரப்பர்ப்பால் வாளி, என் பள்ளிக் காலணி, தலையணை எல்லாம் வரிசையாக வாசலில் வெயில் காயும். வெயில் படாத பொருள் கழுவாத பொருள். பெரியம்மா, சித்தி, பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லோருக்கும் அதே வழக்கம்தான். அம்மா அதைத்தான் கடையிலும் செய்திருக்கிறார். நின்று கார் எடுப்பவர்கள் அவசரப்படுத்துவார்கள், அதனால் அவர்கள் காரை நிழலிலேயே துடைத்துக் கொடுத்துவிடுவார். காலையில் விட்டு மத்தியானம் எடுப்பவர்களின் கார்களைத்தான், நேரம் இருக்கிறதே என்று, கூரைக்கு வெளியே தள்ளி வெயிலில் காயவைத்திருக்கிறார். சுண்ணாம்புத் தண்ணீர், கறுப்பு இரும்பு, மத்தியான வெயில். நம்பிக் கொடுத்துவிட்டுப் போன கார்களிலெல்லாம் புள்ளி வந்தது. மற்ற இருவருக்கும் அந்தப் பொறுமை இல்லை, அதனால் புள்ளியும் இல்லை.

"அம்மா, இதான்மா காரணம்" என்றேன். விளக்கிச் சொன்னேன்.

அம்மா கையுறையை உரித்து வாளியின் மேல் போட்டார். "அப்ப சுத்தமா செய்யறது தப்பா?"

"தப்புன்னு சொல்லல. அந்தத் தண்ணியில மட்டும்..."

"அவனுங்க மேலோட்டமா துடைச்சுட்டுப் போறானுங்க, அது சரி. நான் நின்னு நிதானமா செய்யறேன், அது தப்பு. அப்படித்தானே?"

 என்னிடம் இருந்த பதில் அநியாயமாக இருந்தது. "நாளைக்கு இந்த வெயில் விஷயத்தச் சொல்லாத. தண்ணிதான் காரணம்னு நான் பேப்பர் வெச்சிருக்கேன். அதோட நிறுத்திக்குவோம்" என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனார்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. ஒன்பது மணிக்குத் துணிக்கடைக்காரர் வந்தார். பசியாறிவிட்டு வந்த முகம், பல்குச்சி வாயில். எஞ்சின் ஆற வேண்டும், ஒரு மணி நேரம் ஆகும் என்றேன். "எனக்கு வேற வேலை இல்லைன்னு நினைச்சியா?" என்றார். ஆனாலும் போகாமல், கூரைக்குக் கீழே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆறியதும் நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கமாகத் தொடங்கினோம். பெரிய கார், கூரையில் பாதி இருக்கும்போதே வினிகர் தீர்ந்துவிட்டது. நான் பக்கத்து உணவகத்துக்கு ஓடினேன்.

"பாய், வினிகர் இருக்கா?"

"என்ன தங்கச்சி, காடிக்கு ஆச்சார் போடறீங்களா? வெள்ளரிக்காயும் வேணுமா?" என்று சிரித்துக்கொண்டே சமையற்கட்டிலிருந்து ஒரு போத்தலைத் தூக்கிக் கொடுத்தார். பிறகு குரலைத் தணித்து, "அக்காவை விட்டுடாதீங்க" என்றார்.

பதினொன்றரை மணிக்கு முடிந்தது. முன்மூடியில் மட்டும் சில புள்ளிகள் சாயத்துக்குள்ளேயே இறங்கியிருந்தன. வெள்ளை போய்விட்டது, வட்டம் மட்டும் நின்றது. பாஸ் உள்ளேயிருந்து மெருகு மாவு எடுத்துவந்து கொடுத்தார்; அம்மா அதைத் துணியில் தொட்டுச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தார். மூன்று வட்டங்கள் கடைசிவரை போகவில்லை. சாய்ந்து பார்த்தால்தான் தெரியும்.

துணிக்கடைக்காரர் எழுந்து வந்து பார்த்தார். நன்றாகத்தான் பார்த்தார். பிறகு என்னிடம், "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான். பாத்தியா தம்பி, மூளைய வெச்சு எடுத்துருச்சு" என்றார். பாஸும் தலையாட்டினார். பாதிக் காரின் புள்ளிகளை எடுத்தவர் எனக்குப் பக்கத்தில் ஈரத்துணியோடு நிற்கிறார். மெருகு போட்டது முழுவதும் அவர். இரண்டு பேரில் ஒருவர்கூட அவர் பக்கம் திரும்பவில்லை.  பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினேன்.

"இது கெணத்துத் தண்ணியோட ரிப்போர்ட். புள்ளி விழுந்ததுக்குக் காரணம் இது. எங்க அம்மா இல்ல. செவ்வாய்க்கிழமை எப்படிச் சத்தமா சொன்னீங்களோ, அதே மாதிரி இதையும் சொல்லுங்க."

அவர் தாளை வாங்கவில்லை. பாஸின் முகம் மாறியது. "தங்கச்சி, அதான் அன்னிக்கே சொன்னேன்ல, மத்தவங்க கழுவுனதுல..."

"வெயில்ல வெச்சது நான்தான்" என்றார் அம்மா.

நான் அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினேன். அவர் உதறிவிட்டார்.

"ஈரத்தோட வெயில்ல தள்ளி வெச்சேன். எங்க வழக்கம் அது. இந்தத் தண்ணிக்கு அது ஆகாதுன்னு எனக்கு நேத்துதான் தெரியும். அது என் தப்பு. தண்ணி சரியில்லன்னு நாலு மாசமா நான் சொன்னேன், சிரிச்சீங்க. அது உங்க தப்பு, பாஸ்." பிறகு துணிக்கடைக்காரரிடம் திரும்பினார். "அண்ணே, சட்டித் தூள் போட்டுத் தேய்ச்சேன்னு சொன்னீங்க. தூள் போட்டா கீறல் இருக்கும். இவ்வளவு நாளா நான்தான் கழுவறேன். வெளிய வெயிலுக்குக் கொண்டு போங்க. சுத்திப் பாருங்க. என் துணி பட்ட கீறல் ஒண்ணு காட்டுங்க, இப்பவே போயிடறேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. பாய் தன் வாசலுக்கு வந்து நின்றார். வேலை செய்துகொண்டிருந்த இருவரும் தண்ணீரை நிறுத்தினார்கள். வேறு வழியில்லாமல் காரை வெளியே எடுத்து நிறுத்தினார். வெயிலில் கறுப்புச் சாயம் எதையும் மறைக்காது. ஒரு கதவு, அடுத்த கதவு, பின்மூடி என்று குனிந்து குனிந்து பார்த்தார். வலப்பக்கம் ஒரு கீறலைக் கண்டதும் விரலை வைத்தார்.

"அது உங்க வீட்டு கேட்ல இடிச்சது. நீங்களே என்கிட்ட சொன்னீங்க" என்றார் அம்மா.

அவர் முழுச் சுற்றும் சுற்றி முடித்தார். வேறு ஒன்றும் இல்லை.

"சரி சரி, நேரமாச்சு" என்று ஏறி உட்கார்ந்தார். போய்விட்டார். மன்னிப்பு என்ற சொல்லுக்குப் பக்கத்தில்கூட அவர் வரவில்லை. அம்மாவைக் கேட்கச் சொன்ன மன்னிப்பை அவரைக் கேட்கச் சொல்ல ஆள் இல்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் கெடுகிறது.

"திங்கட்கிழமை வாங்கக்கா" என்றார் பாஸ், தரையைப் பார்த்துக்கொண்டு.

"கடைசி அலசலுக்கு பைப் தண்ணி வேணும். டேங்க் வாங்கிப் பிடிச்சு வைங்க. இருந்தா வரேன்."

வீட்டுக்கு நடக்கும்போது நான் சொன்னேன், போகாதே என்று. அந்த ஆள் காலடி வைக்கிற இடத்தில் நீ ஏன் நிற்க வேண்டும், என் சம்பளம் போதும் என்று. அம்மா நடையை நிறுத்தவில்லை. "நான் என்ன திருடினேனா, ஓடிப்போக? உனக்குக் கோபம்னா நீ போகாத அந்தப் பக்கம்." நேற்று நான் சொன்னதை ஏன் கேட்கவில்லை என்றும் கேட்டேன். "நீ மறைச்சு எடுத்துக் குடுக்கற பேரு எனக்கு எதுக்கு?" என்றார். அதில் எனக்கு இன்னொரு கோபம் வந்தது, அது என் மேல்.

திங்கட்கிழமை டேங்க் வந்துவிட்டது. அம்மாவும் போனார். அன்றிலிருந்து ஒரு புது முறை வைத்துக்கொண்டார். யார் கார் கொண்டு வந்தாலும், தண்ணீர் படுவதற்கு முன்னால், சொந்தக்காரர் இறங்கி அவரோடு காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்கே கீறல், எங்கே கறை என்று இருவரும் பார்த்த பிறகுதான் துணியை நனைப்பார். பாஸ், "லேட்டாகுது லா அக்கா" என்று முணுமுணுத்துப் பார்த்தார். பலிக்கவில்லை.

பரிசம் முடிந்த இரண்டாவது செவ்வாய்க்கிழமை எனக்குப் பிற்பகல் முறை வேலை. அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கக் காலையில் கடைக்குப் போயிருந்தேன். அந்தக் கறுப்புக் கார் உள்ளே வந்தது. கண்ணாடி ஒரு சாண் இறங்கியது. "தம்பி, அக்கா கையில குடுங்க" என்ற குரல் மட்டும் வந்தது. அம்மா போய்க் கண்ணாடியை விரலால் தட்டினார்.

"எறங்கி வாங்கண்ணே. முதல்ல சுத்திப் பாத்துடுவோம்."

"உன்னத் தெரியாதாம்மா எனக்கு? கழுவும்மா, கடை திறக்கணும்."

"தெரிஞ்சவங்கதான் முதல்ல பாக்கணும். எறங்குங்க."

கதவு திறக்க நேரமானது. பிறகு திறந்தது. அம்மா கையுறையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார், அவர் பின்னால் நடந்தார். முன்மூடியில் மிச்சமிருந்த மூன்று வட்டங்களையும் அம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். அவர் ஒவ்வொன்றுக்கும் குனிந்து, "ஆமா" என்றார்.